விரலுக்கேற்ற வாத்தியம்: முதல் யுகுலேலேயின் அளவைத் தெரிவு செய்தல்

உயர்தரம், கணிதப் பிரிவு

"வளருற பிள்ளை, கொஞ்சம் பெரிசாத் தைங்க." புதிய வகுப்புத் தொடங்கும் ஒவ்வொரு வருடமும் உம்மா தையற்காரரிடம் சொல்லும் வாசகம் இது. சீருடைக்கு அது சரியான புத்தி. நீளமாகத் தைத்து, கீழே உள்பக்கமாக மடித்துவிட்டால் இரண்டு வருடம் தாங்கும். அதே புத்தியை நான் ஒரு வாத்தியத்துக்குப் பயன்படுத்திப் பெரும் பிழை விட்டேன். அந்தப் பிழையிலிருந்து நான் கற்றதை எமது கல்லூரிச் சகோதரிகளுடனும் பெற்றோருடனும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் தங்கச்சி நான்காம் தரத்தில் படிக்கிறாள். யாரோ ஒரு சிறுமி யுகுலேலே வாசிக்கும் காணொளியைக் கைபேசியில் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு. கொழும்பிலிருக்கும் மாமா வாங்கித் தருவதாகச் சொல்லி, "எந்த அளவு வேணும்?" என்று என்னிடம்தான் கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. "பெரிசா வாங்குங்க மாமா, வளர்ந்த பிறகும் உதவும்" என்றேன். டெனர் எனப்படும் பெரிய அளவு வந்து சேர்ந்தது. முதல் வாரம் ஒரே விரலால் பிடிக்கும் சி கோட் வந்தது. இரண்டு, மூன்று விரல் தேவைப்படும் கோட்டுகளுக்குப் போனதும் விரல்கள் எட்டவில்லை. நுனிகள் சிவந்தன. மூன்றாவது வாரம் வாத்தியம் அலுமாரிக்கு மேலே போய்விட்டது. "எனக்கு வராது ராத்தா, என்ட கை சரியில்ல" என்றாள்.

"நான் அப்பவே சொன்னேன், இது ரெண்டு நாள் ஆசை" என்றார் வாப்பா. எனக்கு வாப்பாவின் சொல்லைவிடத் தங்கச்சியின் சொல்தான் வலித்தது. ஒன்பது வயதுப் பிள்ளை தன் கையிலேயே குறை கண்டுவிட்டாள். உண்மையில் குறை அவளுடைய கையிலா, நான் சொன்ன அளவிலா? அதை அறிய அடிமட்டத்தையும் பௌதிகவியல் குறிப்புக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு விடயம். நரம்பு வாத்தியங்களைப் பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தமது வீட்டில் எது என்பதை ஒவ்வொரு பெற்றோரும் தாம் நம்பும் ஆலிம்களிடம் கேட்டுத் தீர்மானிப்பார்கள். எமது வீட்டில் வாப்பா, தொழுகையும் ஓதலும் பாடமும் முடிந்த பிறகு அரை மணித்தியாலம் என்ற நிபந்தனையோடு சம்மதித்தார். அப்படிச் சம்மதித்த வீடுகளுக்கே இனி வருவது பயன்படும்.

யுகுலேலே வந்த கதை

யுகுலேலே நான்கு நரம்புகள் கொண்ட சிறிய கிற்றார் போன்ற வாத்தியம். ஹவாய்த் தீவுகளுடையது என்றே உலகம் அறியும். ஆனால் அதன் மூலம் போர்த்துக்கல் நாட்டுக்குரிய மதீராத் தீவு. 1879 ஓகஸ்ட் மாதத்தில் ராவன்ஸ்க்ராக் என்ற கப்பல், கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய மதீரா மக்களை ஏற்றிக்கொண்டு ஹொனலூலுத் துறைமுகத்தை அடைந்தது. அதில் மானுவல் நூனெஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சாண்டோ, அகஸ்டோ டியாஸ் என்ற மூன்று மரவேலைக்காரர்களும் வந்தனர். மதீராவில் மஷேட் எனப்பட்ட சிறிய நான்கு நரம்பு வாத்தியத்தை மாதிரியாகக் கொண்டு அவர்கள் ஹவாயில் செய்ததே யுகுலேலே ஆயிற்று. ஹவாய் மொழியில் அச்சொல்லுக்குத் "துள்ளும் தெள்ளுப்பூச்சி" என்று பொருள் கூறுவர். நரம்புகளின் மேல் விரல்கள் துள்ளுவதைப் பார்த்து வைத்த பெயர் என்பது ஒரு விளக்கம்.

இந்தக் கதையை உம்மாவிடம் சொன்னபோது அவர் புத்தளத்தை நினைவுகூர்ந்தார். 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது பல குடும்பங்களைப் போல எமது குடும்பமும் முல்லைத்தீவிலிருந்து புத்தளம் சென்றது. உம்மா வளர்ந்தது அங்கேதான். புத்தளத்துக்கு அருகே சிரம்பியடியில் ஆபிரிக்க வம்சாவழி மக்கள் வாழ்கிறார்கள். போர்த்துக்கேயர் காலம் முதலாக இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். மஞ்சா என்ற அவர்களுடைய பாடல்கள் போர்த்துக்கேய மொழி கலந்தவை. சிரட்டையும் போத்தலும் கரண்டியும் அங்கே தாள வாத்தியங்கள். மண்டலினும் சேர்ந்துகொள்ளும். 1505 இல் இலங்கைக்கு வந்து 1658 இல் வெளியேறிய போர்த்துக்கேயரின் இசைச் சாயல் சிரம்பியடியில் பாட்டாக நிற்கிறது. அவர்களுடைய சிறு வாத்தியம் ஹவாயில் வேறு பெயருடன் நிற்கிறது. ஆகவே யுகுலேலே நாம் நினைக்குமளவு அந்நியப் பொருளல்ல.

நான்கு அளவுகள்

கடையில் கிடைக்கும் யுகுலேலேகள் பெரும்பாலும் நான்கு அளவில் வருகின்றன. முழு நீளத்தைவிட முக்கியமானது அதிரும் நரம்பின் நீளம். அதாவது, தலைப்பகுதியில் நரம்பைத் தாங்கும் சிறு பாலத்திலிருந்து உடலின் மேலுள்ள பாலம் வரையான நீளம். உற்பத்தியாளருக்கேற்ப இவை சற்று மாறும்.

சொப்ரானோ: முழு நீளம் சுமார் 21 அங்குலம், நரம்பு நீளம் சுமார் 33 சென்ரிமீற்றர். இதுவே பழைய, மூல அளவு.

கொன்சேட்: சுமார் 23 அங்குலம், நரம்பு 38 சென்ரிமீற்றர்.

டெனர்: சுமார் 26 அங்குலம், நரம்பு 43 சென்ரிமீற்றர். கொன்சேட்டும் டெனரும் 1920களில் பழக்கத்துக்கு வந்தவை.

பாரிடோன்: சுமார் 30 அங்குலம், நரம்பு 50 சென்ரிமீற்றர் அளவில். 1940களில் வந்தது.

முதல் மூன்றுக்கும் சுருதி ஒன்றே: ஜி, சி, ஈ, ஏ. பாரிடோனுக்கு மட்டும் டி, ஜி, பி, ஈ. அது கிற்றாரின் மெல்லிய நான்கு நரம்புகளின் சுருதி. எனவே யுகுலேலேப் பாடங்களைப் பார்த்துப் பழகும் ஒருவர் பாரிடோனில் அதே இடங்களில் விரல் வைத்தால் வேறு கோட்தான் ஒலிக்கும். முதல் வாத்தியமாக அதை வாங்காதிருப்பது நல்லது.

பாடப்புத்தகம் சொல்வது

உயர்தரத்தில் சுரமானிப் பரிசோதனை செய்தவர்களுக்கு இது தெரிந்த பாடம். ஈர்க்கப்பட்ட இழையின் அடிப்படை மீடிறன், நீளத்துக்கு நேர்மாறு விகிதசமன். இழுவையின் வர்க்கமூலத்துக்கு நேர் விகிதசமன். சொப்ரானோவிலும் டெனரிலும் ஏ நரம்பு 440 ஹேர்ட்ஸில்தான் ஒலிக்க வேண்டும். ஒரே வகை நரம்பைப் பூட்டினால், நீளம் கூடிய வாத்தியத்தில் அதே மீடிறனைப் பெற இழுவையை நீளத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூட்ட வேண்டும். 43 ஐ 33 ஆல் வகுத்து வர்க்கித்தால் ஏறத்தாழ 1.7 வரும். நடைமுறையில் ஒவ்வோர் அளவுக்கும் வேறு தடிப்பில் நரம்பு செய்வதால் இந்த எண் அப்படியே பொருந்தாது. ஆயினும் பெரிய வாத்தியத்தின் நரம்பு விரலுக்குக் கடினமாக இருப்பது பொதுவாக உண்மை. தங்கச்சியின் விரல் சிவந்ததன் ஒரு காரணம் இது.

இரண்டாவது காரணம் தூரம். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளை வீணையில் மெட்டு என்பார்கள். இங்கும் அச்சொல்லையே பயன்படுத்துகிறேன். ஒரு மெட்டுத் தாண்டும்போது மீடிறன் 1.0595 மடங்காகிறது. பன்னிரண்டு மெட்டுத் தாண்டினால் சரியாக இரு மடங்கு. இந்த விகிதத்தைக் கொண்டு எந்த மெட்டின் இடத்தையும் கணிக்கலாம். முதலாம் மெட்டுக்கும் நான்காம் மெட்டுக்கும் இடைத்தூரம் நரம்பு நீளத்தின் 15 சதவீதம் அளவில் வரும். சொப்ரானோவில் 5.0, கொன்சேட்டில் 5.7, டெனரில் 6.5, பாரிடோனில் 7.5 சென்ரிமீற்றர்.

மெட்டுக்கு ஒரு விரலாக நான்கு விரல்களையும் வைப்பது பழகுநரின் அடிப்படைக் கைநிலை. எனவே சுட்டுவிரலிலிருந்து சின்னவிரல் வரை அந்தத் தூரத்துக்குக் கை விரிய வேண்டும்.

வாங்குமுன் வீட்டிலேயே அளக்கலாம்

இதற்குக் கடைக்குப் போகவேண்டியதில்லை. ஒரு தடித்த அட்டையில் 5.0, 5.7, 6.5 சென்ரிமீற்றர் இடைவெளியில் மூன்று சோடிக் கோடுகள் கீறுங்கள். அட்டையைச் சுருட்டிய கடதாசிக் குழாயில் ஒட்டினால் கழுத்துப் போலவே பிடிக்கலாம். பிள்ளை இடது கையின் சுட்டுவிரல் நுனியை ஒரு கோட்டிலும் சின்னவிரல் நுனியை மற்றக் கோட்டிலும் வைக்கட்டும். மணிக்கட்டு வளையக்கூடாது, விரல்கள் தட்டையாகச் சாயக்கூடாது. பத்து எண்ணும்வரை வலியின்றி வைத்திருக்க முடிந்தால் அந்த அளவு பொருந்தும்.

தங்கச்சிக்கு 5.0 இலகுவாக வந்தது. 5.7 இல் சின்னவிரல் நடுங்கியது. 6.5 இல் மணிக்கட்டே திரும்பியது. பிறகு என் கையை வைத்தேன், 5.7 சுகமாக இருந்தது, 6.5 உம் முடிந்தது. அவளுடைய கையில் எந்தக் குறையும் இல்லை. பெரிய ஆளின் செருப்பைப் போட்டு ஓடச் சொன்னது நான்தான்.

பொதுவாகச் சொன்னால், சிறு பிள்ளைகளுக்குச் சொப்ரானோ; மேல்வகுப்பு மாணவிகளுக்கும் பெரியவர்களுக்கும் கொன்சேட்; நீண்ட விரல் உள்ளவர்களுக்கும், நிறைவான ஒலி வேண்டுவோருக்கும் டெனர். இது சட்டமல்ல. சொப்ரானோவையே விரும்பி வாசிக்கும் பெரியவர்கள் உலகெங்கும் உண்டு. ஆனால் விரல் தடித்தவர்களுக்குச் சொப்ரானோவின் மெட்டுகள் நெருக்கமாகத் தெரியும்.

வேறு கவனிக்க வேண்டியவை

விளையாட்டுச் சாமானாகச் செய்தவற்றில் மெட்டுகள் பிழையான இடத்தில் இருக்கக்கூடும். நரம்பை வெறுமனே தட்டுங்கள். பின் பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தித் தட்டுங்கள். இரண்டாவது ஒலி முதலாவதன் மேல்ஸ்தாயியாக ஒத்திசைய வேண்டும். கைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் சுருதிச் செயலியாலும் சோதிக்கலாம். பன்னிரண்டாம் மெட்டில் நரம்பின் உயரம் மூன்று மில்லிமீற்றருக்கு மேற்பட்டால் விரலுக்கு வீண் சிரமம்.

புதிய நைலோன் நரம்புகள் சில நாட்களுக்கு நீண்டுகொண்டே இருக்கும். அடிக்கடி சுருதி குறையும். பழுது என்று எண்ணவேண்டாம். எமது வன்னி வெயிலில் மூடிய வாகனத்துக்குள்ளோ தகரக் கூரைக்கு அடியிலோ வைத்தால் பசை இளகிப் பலகை பிரியலாம். நிழலான சுவரோரமே அதற்கு இடம்.

அளவு தவறினால்

இனி எங்கள் டெனரை என்ன செய்வது? மாமாவிடம் இன்னொன்று கேட்க எனக்கு முகமில்லை. விடை மறுபடியும் சுரமானியிலேயே இருந்தது. அங்கே நரம்பின் நீளத்தைக் குறைக்கப் பாலத்தை நகர்த்துகிறோம். இங்கே மூன்றாம் மெட்டுக்குச் சற்றுப் பின்னே ஒரு பென்சிலைக் குறுக்கே வைத்து, இரு முனையையும் கழுத்துக்குப் பின்னால் றப்பர் பட்டியால் இறுக்கிக் கட்டினேன். கடையில் இதற்கென விற்கும் கவ்வியைக் கேப்போ என்பர். இப்போது அதிரும் நீளம் 43 இலிருந்து ஏறத்தாழ 36 சென்ரிமீற்றர். நான்கு விரல் தூரம் 5.4. நீளம் குறைந்ததால் சுருதி மூன்று அரைச்சுரம் உயரும். நரம்புகளை அந்த அளவுக்குத் தளர்த்தினால் மீண்டும் ஜி, சி, ஈ, ஏ வரும். அப்படித் தளர்த்தும்போது இழுவை முன்னிருந்ததில் ஏறத்தாழ 70 சதவீதமாகிறது. எட்டாத தூரமும் குறைந்தது, விரல் வலியும் குறைந்தது.

தங்கச்சி சந்தேகத்தோடுதான் கையில் எடுத்தாள். எஃப் கோட்டை வைத்துப் பார்த்தாள். இரண்டாம் முயற்சியில் தெளிவாக ஒலித்தது. "ராத்தா, என்ட கை சரியாகிட்டு!" என்றாள். "உன்ட கை எப்பவும் சரிதான். பிழை விட்டது நான்" என்றேன். வாப்பா பத்திரிகையிலிருந்து தலை நிமிர்த்தி, "பென்சில் ஒன்றுக்குள்ள இவ்வளவு விசயமா?" என்று கேட்டார். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் மறுநாள் அலுமாரிக்கு மேலே இருந்த உறையை எடுத்து, எட்டும் உயரத்தில் ஆணி அடித்து மாட்டியவர் அவரே.

அவள் வளர வளரப் பென்சிலை இரண்டாம் மெட்டுக்கும், பிறகு முதலாம் மெட்டுக்கும் நகர்த்துவோம். ஒரு நாள் முற்றாக எடுத்துவிடுவோம். உம்மா சீருடையின் மடிப்பை வருடாவருடம் அவிழ்த்துவிடுவதும் இப்படித்தான். பெரிதாக வாங்கியதைவிட, உள்ளே மடித்துத் தைக்க மறந்ததுதான் என் பிழை.

அன்புப் பெற்றோரே, பிள்ளை ஒன்றைக் கைவிடும்போது "உனக்கு ஆர்வமில்லை" என்று சொல்வதற்கு முன், நாம் கொடுத்த கருவி அதன் கைக்குப் பொருந்துகிறதா என்று ஒருமுறை அளந்து பாருங்கள். யுகுலேலே என்றாலும் சரி, தையல் கத்தரி என்றாலும் சரி, எழுதும் மேசை என்றாலும் சரி. ஓர் அடிமட்டமும் ஐந்து நிமிடமும் போதும்.