நான்காம் மாதம் பிறந்ததும்

"மசக்கை தீர்ந்தது, இனிக் கவலையில்லை." கருவுற்ற பெண்ணுக்கு நான்காம் மாதம் பிறந்ததும் நம் வீடுகளில் எழும் பேச்சு இது. வாந்தி நிற்கிறது, சோறு பிடிக்கிறது, முகத்தில் களை திரும்புகிறது. மூன்று மாதமாகச் சுற்றி நின்று கவனித்தவர்களும் தத்தம் வேலையைப் பார்க்கப் போய்விடுகின்றனர். இப்பேச்சில் பாதி உண்மை உண்டு. ஆனால், தாயின் உடல் தன் பெரிய வேலைகளில் இறங்குவது இந்தக் காலத்தில்தான் என்பது மறந்துபோகிறது. நம் சங்கத்தில் மணமான ஆராய்ச்சி மாணவியர் சிலர் உளர். மனைவியையோ தமக்கையையோ ஊரில் விட்டு வந்து, இரவில் தொலைபேசியில் மட்டும் நலம் விசாரிக்கும் தோழர் பலர் உளர். இரு சாராருக்கும் பயன்படும் என்றெண்ணி இதனை எழுதுகிறேன்.

முதலில் கணக்கைத் தெளிவாக்கிக் கொள்வோம். மருத்துவர்கள் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 40 வாரம், அதாவது 280 நாள் எண்ணுவர். "பத்து மாதம் சுமந்தாள்" என்று நாம் சொல்வதைக் கேட்டுச் சிலர் நகைப்பதுண்டு. மாதத்துக்கு 28 நாள் என்று வைத்துப் பெருக்கினால் சரியாக 280 வருவதைக் காணலாம். இந்த 40 வாரத்தை மூன்று பருவங்களாகப் பிரிப்பர். 13 வாரம் நிறைந்து 14ஆம் வாரம் தொடங்கும்போது இரண்டாம் பருவம் பிறக்கிறது. 27ஆம் வாரம் முடிய அது நீடிக்கும்.

மசக்கை தணிவது ஏன்? கருவுற்ற தொடக்கத்தில் எச்.சி.ஜி. என்னும் இயக்குநீர் இரத்தத்தில் விரைந்து பெருகி, 8 முதல் 10ஆம் வாரத்தில் உச்சத்தை எட்டிப் பின் இறங்குகிறது. வாந்தியும் பெரும்பாலும் அதன் போக்கிலேயே ஏறி இறங்குகிறது. அதற்குள் நச்சுக்கொடி நன்கு வளர்ந்து, கருவைக் காக்கும் இயக்குநீர்களைத் தானே சுரக்கும் பொறுப்பை ஏற்றுவிடுகிறது. கருச்சிதைவு அச்சமும் கணிசமாகக் குறைகிறது. எல்லாருக்கும் ஒரே நாளில் வாந்தி நின்றுவிடும் என்று எதிர்பார்க்க வேண்டா. சிலருக்கு 16, 20 வாரம் வரை இழுப்பதுண்டு. தண்ணீர்கூடத் தங்காமல் எடை குறைந்துகொண்டே போனால் அது மசக்கை என்று விட்டுவிடத் தக்கதன்று. மருத்துவரிடம் காட்டியே தீர வேண்டும்.

இதுவரை இடுப்புக்கூட்டுக்குள் அடங்கியிருந்த கருப்பை 12ஆம் வாரமளவில் அதற்கு மேலே எழுகிறது. 20ஆம் வாரத்தில் கொப்பூழ் வரை வந்துவிடும். எழுந்த கருப்பை சிறுநீர்ப்பையை முன்போல் அழுத்துவதில்லை. ஆகவே அடிக்கடி சிறுநீர் கழிக்கும் தொல்லை சற்றே குறைகிறது. ஆனால் கருப்பையைத் தாங்கும் நாண்கள் இழுபடுவதால், திடீரென எழும்போதும் தும்மும்போதும் அடிவயிற்றின் ஓரத்தில் சுருக்கென்று வலிக்கும். ஒரு நொடியில் போய்விடும் இவ்வலிக்கு அஞ்ச வேண்டியதில்லை.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இரத்தத்தைப் பற்றியது. கருவுற்ற பெண்ணின் இரத்தத்திலுள்ள நீர்ப்பகுதி 40 முதல் 50 விழுக்காடு வரை பெருகுகிறது. செவ்வணுக்களும் பெருகுகின்றன, ஆனால் அந்த அளவுக்கு அல்ல. எனவே இரத்தம் இயல்பாகவே சற்று நீர்த்துப்போகிறது. இதோடு இரும்புச் சத்தும் குறைந்தால் சோகை பற்றிக்கொள்ளும். ஒரு மகப்பேற்றுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் இரும்பு தேவை. அதில் பாதியளவு தாயின் புதிய செவ்வணுக்களுக்கே செலவாகிறது. 300 மில்லிகிராம் போல் குழந்தைக்கும் நச்சுக்கொடிக்கும் போகிறது. இத்தேவையில் பெரும் பங்கு பிற்பாதி மாதங்களில் எழுவது. வெறும் சாப்பாட்டினால் இதை ஈடுகட்டுவது அரிது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் கருவுற்ற பெண்களில் 52 விழுக்காட்டினர் சோகையுடையோர். படித்த வீட்டுப் பெண்ணுக்கு இது வராது என்று நினைப்போர் இந்த எண்ணை மறுமுறை படிப்பாராக. களைப்பையும் மூச்சுவாங்குதலையும் "பிள்ளைத்தாய்ச்சிக்கு இயல்புதானே" என்று சொல்லிச் சொல்லியே சோகையை மறைத்துவிடுகிறோம். பேற்றின்போது இரத்தப்போக்கு ஏற்பட்டால், சோகையுள்ள தாய்க்கு அதைத் தாங்கும் வலு இராது. அதற்கு வேண்டிய வலுவைச் சேர்க்க வேண்டிய காலம் இதுவே.

அதனாற்றான் நான்காம் மாதம் முதல் நாள்தோறும் ஒரு மாத்திரை வீதம், குறைந்தது 180 நாள் உட்கொள்ளும்படி அரசு நலத்துறையினர் வற்புறுத்துகின்றனர். 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட சிவப்பு மாத்திரை அது. அரசு நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கும். ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் அளவைக் கூட்டுவது மருத்துவர் பொறுப்பு.

இந்த ஃபோலிக் அமிலத்தின் கதையில் நம் ஊருக்கும் ஓர் இடமுண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவப் பெண்மணி 1928இல் பம்பாய்க்கு வந்து, ஆலைத் தொழிலாளப் பெண்களிடையே கருவுற்ற காலத்தில் கண்ட கடுஞ்சோகையை ஆராய்ந்தார். குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், பின்னர் 1931இல் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் அவர் பணி தொடர்ந்தது. திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என வழங்குவது அதுவே. மலிவான ஈஸ்ட் சாறு அச்சோகையைத் தீர்ப்பதை அவர் கண்டறிந்தார். அதிலுள்ள மருந்துப் பொருள் எதுவென்பது பிறகே தெளிவாயிற்று. 1941இல் கீரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தவர்கள், இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லால் அதற்குப் பெயரிட்டனர்.

மாத்திரை தின்றால் வயிறு புரட்டுகிறது, மலம் கறுத்துப்போகிறது என்று பாதியில் நிறுத்துவோர் மிகுதி. மலம் கறுப்பதால் கேடில்லை. வயிறு புரட்டினால் இரவு உணவுக்குப் பின் படுக்கப் போகும்போது உட்கொள்ளலாம். எலுமிச்சைச் சாறும் நெல்லிக்காயும் இரும்பு உடலில் சேர உதவும்; காப்பியும் தேநீரும் தடுக்கும். ஆகையால் மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமேனும் காப்பி வேண்டா. (நம்மவர்க்கு இது பெருந்தவம் என்பதை அறிவேன்.) 14ஆம் வாரம் முதல் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் தருவர்: 500 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை, உணவோடு. அதையும் இரும்பு மாத்திரையையும் ஒரே வேளையில் விழுங்கலாகாது. ஒன்று மற்றொன்றைத் தடுத்துவிடும். குடற்புழுவும் இரத்தத்தைக் குடிப்பதுதான். அதற்கான பூச்சி மாத்திரையை முதல் மூன்று மாதத்தில் தரமாட்டார்கள். இரண்டாம் பருவத்தில் ஒரே ஒரு முறை தருவர்.

வடநாட்டு விடுதிச் சாப்பாட்டில் குளிர்காலத்தில் பாலக்கும் வெந்தயக் கீரையும் தாராளமாகக் கிடைக்கின்றன. பருப்பும் கொண்டைக்கடலையும் என்றுமுண்டு. அவற்றை ஒதுக்கிவிட்டுத் தயிர்சாதத்தோடு எழுந்துவிடும் சகோதரியர் சற்றே மனம் மாறுதல் நலம். குங்குமப்பூ குழந்தைக்கு நிறம் தரும் என்பது வெறும் நம்பிக்கை. அதற்குக் கொடுக்கும் காசுக்கு முட்டையோ நிலக்கடலையோ வாங்கலாம். இருவருக்கான சோறு உண்ண வேண்டும் என்பதும் மிகை. நாளுக்கு ஏறத்தாழ 350 கலோரி கூடினால் போதும்.

மலச்சிக்கல், ஈறில் இரத்தம், மூக்கடைப்பு, எழுந்தவுடன் தலைசுற்றல் ஆகியவையும் இக்காலத்தில் வரும். தண்ணீரும் நடையும் பழமும் மெதுவாக எழும் பழக்கமும் போதுமானவை.

18 முதல் 20 வாரத்துக்குள் குழந்தையின் உறுப்புக்களை ஒவ்வொன்றாகப் பார்க்கும் ஸ்கேன் எடுக்க வேண்டும். இதைத் தள்ளிப்போடலாகாது. கருக்கலைப்புக்குச் சட்டம் வாரக் கணக்கில் வரம்பு விதித்திருப்பதால், பெருங்குறை ஏதும் தென்பட்டால் பெற்றோர் மருத்துவரோடு கலந்து முடிவெடுக்கக் காலம் வேண்டும். ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்காதீர்கள். சொல்வது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சர்க்கரைச் சோதனையை முதல் வருகையிலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுமுறையும் செய்வர். 75 கிராம் குளுகோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் இந்த எளிய முறையை நாடெங்கும் பரப்பியதில் சென்னை மருத்துவர் வி. சேஷய்யாவின் உழைப்பு பெரிது. 2016 முதல் ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் இரண்டாம், மூன்றாம் பருவத்துப் பெண்களை மருத்துவர் இலவசமாகப் பரிசோதிக்கும் ஏற்பாடும் உண்டு.

குழந்தையின் அசைவு எப்போது தெரியும் என்று கேட்பர். இரண்டாம் மாத முடிவிலேயே அது அசையத் தொடங்கிவிடுகிறது, தாய்க்குத்தான் தெரிவதில்லை. தலைச்சன் பிள்ளையானால் 18 முதல் 20 வாரத்திலும், அடுத்தவையானால் சற்று முன்னதாகவும் மீன் புரள்வது போன்ற உணர்வு தெரியும். நான்காம் மாதத்தில் ஒன்றும் தெரியவில்லையே என்று கலங்க வேண்டா. ஆனால் இரத்தக் கசிவு, நீர் ஒழுகுதல், காய்ச்சல், சிறுநீர்க் கடுப்பு, விடாத வயிற்றுவலி, கடுந்தலைவலியுடன் கண் மங்கல் ஆகியவற்றுள் எது கண்டாலும் விடியட்டும் என்று காத்திராமல் 108ஐ அழைத்து மருத்துவமனை செல்க.

ஆராய்ச்சி மாணவியர் மற்றொன்றும் அறிதல் வேண்டும். முனைவர் பட்டக் காலத்தில் 240 நாள் வரை மகப்பேற்று விடுப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் இடமளிக்கின்றன. வயிறு தெரியும் வரை வழிகாட்டிப் பேராசிரியரிடம் சொல்லத் தயங்குவோர் உளர். சோதனைச்சாலையில் நச்சு மருந்துகளோடும் கதிரியக்கப் பொருள்களோடும் பணிபுரிவோர் அப்படித் தயங்குவது ஆபத்து.

ஊருக்குப் போவதானால் 14 முதல் 28 வாரம் வரையே ஏற்ற காலம். தில்லியிலிருந்து சென்னைக்கு இரயிலில் முப்பது மணி நேரத்துக்கு மேலாகும். கருவுற்ற பெண்களுக்குக் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு. சீட்டு வாங்கும்போதே கேட்டுப் பெறுக. ஒன்றிரண்டு மணிக்கொருமுறை எழுந்து நடந்து, தண்ணீர் நிறையக் குடித்தால் காலில் இரத்தம் உறையாது. சோதனைக் குறிப்புக்களும் மாத்திரைகளும் பெட்டிக்குள் அன்று, கைப்பையில் இருக்கட்டும்.