மனுவும் தாய்மொழியும்

நான் பயில்வது அறிவியல். எனினும் எல்லைப்புறத்தில் குடியேறிய தமிழனுக்குச் சட்டம் அயலன்று. 1956 நவம்பர் 1இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபொழுது, தமிழர் மிகுதியாக வாழும் தேவிகுளம், பீர்மேடு, பாலக்காட்டுச் சித்தூர் வட்டங்கள் கேரளத்தின் பகுதிகளாயின.

குறை தீர்க்க வேண்டி அரசுக்கு அளிக்கும் மனுவை, ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் எழுதலாம் என்கிறது அரசியலமைப்பின் 350ஆம் உறுப்பு. மறுமொழி எம்மொழியில் வரும் என்பதை அது சொல்லவில்லை. 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டமோ, மொழிச் சிறுபான்மைப் பகுதித் தமிழருக்கு மறுமொழியும் தமிழிலேயே தர விதித்தது.

ஆனால், அறியாதவனுக்கு உரிமை இருந்தும் இல்லாததே. சட்டக் கல்லூரிகள் சட்ட உதவி மையம் நடத்தவேண்டும் என்பது இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதி. சட்டம் பயிலும் நண்பர்களே! அம்மையத்தைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டு செல்லுங்கள். தொழிலாளி தன் மனுவைத் தானே தமிழில் எழுதக் கற்பியுங்கள்.