கலங்கிய கண்ணாடி உருண்டை

கேள்வி: அணுக்கருவில் பட்டுச் சிதறும் துகள்களைக் கணக்கிட, உள்ளே இருக்கும் ஒவ்வொரு புரோட்டானையும் நியூட்ரானையும் கணக்கில் எடுக்க வேண்டாமா?

பதில்: எடுக்க வேண்டியதுதான். ஆனால் ஈயம்-208 கருவில் அவை 208 இருக்கின்றன. அத்தனைக்கும் சமன்பாடு எழுதித் தீர்ப்பது எளிதில் ஆகிற காரியமில்லை. 1911இல் ரூதர்ஃபோர்டுக்கு அந்தச் சிக்கல் வரவில்லை. அவருடைய ஆல்பா துகள்கள் தங்கக் கருவைத் தொடுமுன்பே மின்விலக்கத்தால் திரும்பிவிட்டன. வேகம் கூடிக் கருவைத் தொட்டால் அவருடைய சிதறல் சூத்திரம் பொருந்தாது.

1954இல் ஃபெஷ்பாக், போர்ட்டர், வைஸ்கோஃப் என்ற இயற்பியலாளர்கள் மூவரும், உள்ளே இருப்பவற்றைத் தனித்தனியே கணக்கிடாமல், முழுக் கருவையும் ஒரு கலங்கிய கண்ணாடி உருண்டையாகப் பாவித்தார்கள். வரும் துகளின் அலையில் ஒரு பகுதி ஆற்றல் குறையாமல் வளைந்து வெளியேறும், அதுதான் மீள்சிதறல். மிச்சம் உள்ளே உறிஞ்சப்பட்டு வேறு வினைகளுக்குப் போய்விடும். அந்த இழப்பைக் குறிக்க, நிலையாற்றலில் ஒரு கற்பனை எண்ணைச் சேர்த்தார்கள். எனக்கு மிகப் பிடித்த இடம் இது. −1இன் வர்க்கமூலம் எதற்கு என்று பள்ளியில் கேட்டோமே, இங்கே அது காணாமற்போன துகள்களுக்குக் கணக்கு வைக்கிறது!

அதே ஆண்டில் வுட்ஸும் சாக்ஸனும் கருவின் விளிம்பைக் கத்தியால் வெட்டியதுபோல் வைக்காமல், மெல்லத் தேய்ந்து மறைவதாக வரைந்தார்கள். புரோட்டான் சிதறல் அளவீடுகளோடு அது நன்றாகப் பொருந்தியது. அந்த வடிவம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.