எழுதத் தெரிந்த பிள்ளைக்கும் ஐ.டி.யில் இடம் உண்டு: டெக்னிக்கல் ரைட்டிங் வேலைக்கு 15 குறிப்புகள்

சுந்தரபாண்டியம், வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்தில் படிப்புக்குக் குறைவில்லை. கிருஷ்ணன்கோவிலில் 1984-ல் தொடங்கிய கலசலிங்கம் கல்லூரி இன்று பல்கலைக்கழகமாக நிற்கிறது. ராஜபாளையத்திலும் கல்லூரிகள் உண்டு. பட்டம் வாங்கியதும் வீட்டில் முதலில் கேட்பது, “கோடிங் வருமா?” என்றுதான். வராது என்றால் ஐ.டி. வேலையே கிடையாது என்று பெற்றோர் முடிவு கட்டிவிடுகிறார்கள். கோடு எழுதாமலே ஐ.டி. கம்பெனியில் கௌரவமான சம்பளம் தரும் வேலை ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர் டெக்னிக்கல் ரைட்டிங். எதையும் அடுத்தவருக்குப் புரியும்படி சொல்லத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால், இந்தக் குறிப்புகளைப் படிக்கக் கொடுங்கள்.

1. முதலில் வேலை என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு மென்பொருளையோ மெஷினையோ எப்படி நிறுவுவது, எப்படி ஓட்டுவது, பழுது வந்தால் என்ன செய்வது என்பதைப் பயன்படுத்துகிறவருக்கு எழுதித் தருவதே டெக்னிக்கல் ரைட்டரின் வேலை. மிக்ஸியோடு வரும் கையேடு, போன் ஆப்பில் “உதவி” என்று அழுத்தினால் திறக்கும் பக்கம், ஒரு மென்பொருளை இன்னொன்றோடு இணைக்க புரோகிராமர்கள் படிக்கும் ஏபிஐ விளக்கம் எல்லாமே இதில் சேரும்.

2. யாருக்கு இது ஒத்துவரும் என்று பாருங்கள். பி.ஏ. ஆங்கிலம் படித்தவரும் வரலாம், பி.எஸ்சி., பி.இ. படித்தவரும் வரலாம். பட்டத்தைவிடக் குணம் முக்கியம். புரியாததைக் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். ஒரே பக்கத்தைப் பத்து முறை திருத்தச் சொன்னாலும் முகம் சுளிக்கக் கூடாது. வகுப்பில் தோழிகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த பெண், பாட்டிக்கு வாட்ஸ்அப் பழக்கிவிட்ட பையன் போன்றவர்களுக்கு இந்த வேலை எளிதில் பிடிபடும்.

3. வீட்டில் இருக்கும் கையேடுகளைத் தூக்கிப் போடாதீர்கள். கிரைண்டர், இன்வெர்ட்டர், மோட்டார் ஸ்டார்ட்டர் என எதனோடு வந்த தாளும் பாடப் புத்தகம்தான். உரக்கடையில் வாங்கும் பூச்சிமருந்து டப்பாவையும் எடுத்துப் பாருங்கள். அதன் துண்டுத்தாள் இந்தி, ஆங்கிலத்தோடு அந்தப் பகுதியின் மொழியிலும் இருக்க வேண்டும் என்பது 1971-ம் ஆண்டு பூச்சிக்கொல்லி விதிகளில் உள்ளது. டப்பாவின் மேலுள்ள வண்ணம் நச்சின் அளவைக் காட்டும். சிவப்பு மிகக் கொடியது. அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. எழுத்துக் கூட்டிப் படிக்கிற விவசாயிக்கும் அந்தத் தாள் புரிகிறதா என்று பாருங்கள். புரியவில்லை என்றால் எங்கே தடுக்கிறது என்று கோடு போட்டு வையுங்கள்.

4. ஒரே ஒரு பக்கம் எழுதிப் பழகுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவதையே எடுத்துக்கொள்ளலாம். பல கையேடுகளில் அது இப்படித்தான் இருக்கும்: “பேட்டரியின் நீர்மட்டம் குறிப்பிட்ட இடைவெளியில் பரிசோதிக்கப்பட்டு, தேவைப்படின் நிரப்பப்படல் வேண்டும், அவ்வாறு நிரப்புமுன் மின்தொடர்பு துண்டிக்கப்பட்டிருத்தல் அவசியம்.” இதையே இப்படி மாற்றிப் பாருங்கள்:
“இன்வெர்ட்டரை அணையுங்கள். பிளக்கைக் கழற்றுங்கள்.
மிதவையைப் பாருங்கள். சிவப்புக் கோட்டுக்கு இறங்கியிருந்தால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள்.
பச்சைக் கோடு வந்ததும் நிறுத்துங்கள்.”
சொன்ன விஷயம் ஒன்றுதான். ஆனால் முதலாவதைப் படிக்கிறவர், அணைக்கச் சொல்லும் வரிக்கு வருவதற்குள் பேட்டரி மூடியைத் திறந்திருப்பார்.

5. எச்சரிக்கை எப்போதும் முன்னால் வர வேண்டும். கை சுட்ட பிறகு “சூடாக இருக்கும்” என்று சொல்லிப் பயனில்லை. ஒரு வாக்கியத்தில் ஒரு வேலையை மட்டும் சொல்லுங்கள். விமானத் துறையில் பின்பற்றும் ‘எளிமைப்படுத்திய தொழில்நுட்ப ஆங்கிலம்’ என்ற தரவிதிப்படி, செய்முறை வாக்கியத்தில் 20 சொற்களுக்கு மேல் இருக்கக் கூடாது. விமானம் பழுது பார்க்கிறவருக்கே அதுதான் அளவு.

6. வேலை தெரிந்தவரிடம் கேட்டு வாங்கக் கற்றுக்கொள்ளுங்கள். கம்பெனியில் தகவலெல்லாம் இன்ஜினீயர் தலைக்குள் இருக்கும். அதை வெளியே கொண்டுவருவதுதான் உங்கள் திறமை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறவரிடம் பேசிப் பாருங்கள். “பதம் வந்ததும் இறக்கணும்” என்பார். அதை அப்படியே எழுதினால் புதிதாகக் கிண்டுகிறவருக்கு ஒன்றும் விளங்காது. கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் வழிகிறதா, வாணலி ஓரத்தில் ஒட்டாமல் சுருண்டு வருகிறதா, நிறம் எப்படி மாறுகிறது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடியதாக அந்தப் பதத்தை எழுதிவிட்டால் பாதி தொழில் கைவந்த மாதிரி.

7. எழுதியதை அம்மாவிடம் கொடுத்துச் சோதியுங்கள். தாளைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் பேசாமல் உட்காருங்கள். “இங்க என்ன செய்யச் சொல்ற?” என்று அவர் கேட்கும் இடத்தில்தான் பிழை இருக்கிறது. வாயால் விளக்கம் சொல்லாதீர்கள். வாக்கியத்தை மாற்றி எழுதி மறுபடியும் கொடுங்கள்.

8. தமிழ்வழியில் படித்தோமே என்று ஒதுங்காதீர்கள். வேலை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கும், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இங்கே தேவைப்படுவது அலங்கார ஆங்கிலம் இல்லை. மேலே சொன்ன விமானத்துறை விதி அனுமதிக்கும் பொதுச் சொற்களே ஏறத்தாழ 900-தான். தினமும் அரைமணி நேரம் ஒரு நல்ல உதவிப் பக்கத்தைப் படித்து, அதே முறையில் ஒரு பத்தி எழுதுங்கள். இலக்கணப் பிழையை யாரிடமாவது காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். ஒரு வருடம் விடாமல் செய்தால் எழுத்தில் மாற்றம் தெரியும்.

9. பணம் கட்டிச் சேரும் முன் இலவசமாகக் கிடைப்பதைப் படியுங்கள். கூகுள் நிறுவனம் டெக்னிக்கல் ரைட்டிங்குக்கு இலவசப் பாடங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. கல்லூரியில் இருப்பவர்கள் தமிழக அரசு 2022-ல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தில் தங்களுக்கு என்ன பயிற்சி உண்டு என்று கேட்டுப் பாருங்கள்.

10. கருவிகளை வரிசையாகக் கற்றுக்கொள்ளுங்கள். முதலில் வேர்டில் தலைப்பு, பட்டியல், அட்டவணை, தானே உருவாகும் பொருளடக்கம். அடுத்து இணையப் பக்கம் எழுத உதவும் மார்க்டவுன், கொஞ்சம் எச்டிஎம்எல். பிறகு கோப்பில் செய்த மாற்றங்களைப் பதிவு வைக்கும் கிட், கிட்ஹப். அதன்பின் போஸ்ட்மேன் என்ற மென்பொருளில் ஒரு ஏபிஐ-யை அழைத்துப் பார்க்கப் பழகுங்கள். ஏபிஐ விளக்கம் எழுதத் தெரிந்தவருக்குச் சம்பளம் கூடும். பெரிய கையேடுகளைத் தயாரிக்க உதவும் மேட்கேப் ஃபிளேர், டிட்டா போன்றவற்றைக் கம்பெனியில் சேர்ந்த பிறகும் கற்கலாம். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

11. மூன்று மாதிரிகளைத் தயாராக வையுங்கள். வீட்டுச் சாதனத்துக்கு ஒரு செய்முறை, இலவச மென்பொருள் ஒன்றுக்கு உதவிப் பக்கம், ஒரு ஏபிஐ விளக்கம். இந்த மூன்றும் மதிப்பெண் பட்டியலைவிட உரக்கப் பேசும். தமிழில் எழுதவும் வழியுண்டு. 2012-ல் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழ் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே கட்டுரைகள் வெளியிடுகிறது. து. நித்யா எழுதிய ‘எளிய தமிழில்’ வரிசை நூல்களை இலவசமாக இறக்கிப் படிக்கலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: வேலை பார்த்த இடத்தின் ரகசியக் கோப்பை மாதிரியாகக் காட்டாதீர்கள்.

12. எங்கே தேடுவது, எந்தப் பெயரில் தேடுவது என்று தெரிந்திருக்கட்டும். ‘டெக்னிக்கல் ரைட்டர்’ என்று மட்டும் தேடினால் பாதி வேலைகள் கண்ணில் படாது. ‘டாக்குமென்டேஷன் ஸ்பெஷலிஸ்ட்’, ‘இன்ஃபர்மேஷன் டெவலப்பர்’, ‘நாலெட்ஜ் பேஸ் ரைட்டர்’, ‘யூஎக்ஸ் ரைட்டர்’ என்றும் தேடுங்கள். பெங்களூரிலும் சென்னையிலும்தான் வாய்ப்பு அதிகம். ஆனால் ராஜபாளையத்தில் பஸ் ஏறி சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர் வழியாகப் போனால் தென்காசி. அதன் பக்கத்து மத்தளம்பாறையில் சோஹோ என்ற மென்பொருள் நிறுவனம் இயங்குகிறது. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களுக்கு உதவித்தொகையோடு பயிற்சி தரும் பள்ளியையும் அந்த நிறுவனம் நடத்துகிறது.
உள்ளூரையும் விட்டுவிடாதீர்கள். பேண்டேஜ் துணி நெய்யும் சத்திரப்பட்டி பக்கத்தில்தான் இருக்கிறது. மருத்துவப் பொருள் உறையில் 2 என்ற எண்ணின் மேல் குறுக்குக் கோடு போட்டிருந்தால், ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்று பொருள். இப்படி லேபிள், பாதுகாப்பு அறிவிப்பு, வேலை முறைத் தாள் எழுதுகிற தேவை மில்லிலும் ஆலையிலும் எப்போதும் உண்டு.

13. சம்பளத்தைச் சரியாகக் கணக்குப் போடுங்கள். புதிதாகச் சேருகிறவருக்கு ஊரையும் கம்பெனியையும் பொறுத்து வருடத்துக்குச் சுமார் 3 முதல் 6 லட்சம் ரூபாய் வரை பேசுவார்கள். நல்ல அனுபவமும் ஏபிஐ பழக்கமும் சேர்ந்தால் 10 லட்சத்தைத் தாண்டலாம். ஆனால் சி.டி.சி. என்று சொல்லும், கம்பெனி உங்களுக்காகச் செலவிடும் மொத்தத் தொகை முழுவதும் கைக்கு வராது. வருடம் 4,80,000 என்றால் மாதம் 40,000. அதில் அடிப்படைச் சம்பளம் 20,000 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பி.எஃப். 12 சதவீதம், அதாவது 2,400. கம்பெனி கட்டும் பி.எஃப். 2,400-ம் பணிக்கொடைக்கான 962-ம் பெரும்பாலும் அந்த 40,000-க்குள்ளேயே அடங்கியிருக்கும். கையில் வருவது 34,200 அளவில்தான். வாடகையும் கல்விக்கடன் தவணையும் இந்தத் தொகையை வைத்துத்தான் திட்டமிட வேண்டும்.

14. “ஏஐ வந்தாச்சே, இந்த வேலை இருக்குமா?” என்ற கேள்விக்கு நேர்மையான பதில். வேலை குறைந்திருக்கிறது, ஆனால் மறையவில்லை. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறைக் கணக்கில் அங்கே டெக்னிக்கல் ரைட்டரின் இடைநிலைச் சம்பளம் 2024-ல் வருடத்துக்கு 91,670 டாலர். ஆனால் 2034 வரையிலான பத்து வருடத்தில் வேலைவாய்ப்பு 1 சதவீதம்தான் கூடும் என்கிறது அதே துறை. 1953-ல் தொடங்கிய அமெரிக்க டெக்னிக்கல் ரைட்டர்கள் சங்கம் 2025 ஜனவரியில் கடையை மூடிவிட்டது. வெறுமனே எழுத்துப் பிழை திருத்தித் தருகிற வேலைக்கு இனி இடமில்லை. பொருளை ஓட்டிப் பார்த்து, எது உண்மை என்று உறுதி செய்து, எதை முதலில் சொல்ல வேண்டும் என்று முடிவெடுக்கிறவருக்குத்தான் இடம். கம்பெனியின் சாட்பாட் பதில் சொல்வதும் இவர் எழுதிய பக்கங்களைப் பார்த்துத்தான். பக்கம் தப்பாக இருந்தால் பதிலும் தப்பாகத்தான் வரும். ஏஐ-யை முதல் வரைவுக்குப் பயன்படுத்துங்கள். ஆனால் ஒவ்வொரு படியையும் நீங்களே செய்து பார்க்காமல் வெளியே விடாதீர்கள்.

15. வேலைக்குப் பணம் கேட்டால் விலகிவிடுங்கள். “வீட்டிலிருந்தே டைப் செய்யலாம், முன்பணம் கட்டுங்கள்” என்று வரும் விளம்பரங்களுக்கும் டெக்னிக்கல் ரைட்டிங்குக்கும் சம்பந்தமே இல்லை. நியாயமான கம்பெனி பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட் என்று எதுவும் வாங்காது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம், உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். குழந்தைக்காக வேலையை விட்ட பெண்கள் வீட்டிலிருந்தே செய்யும் நல்ல வேலைகளும் இந்தத் துறையில் உண்டு. எழுத்துப்பூர்வமான ஒப்பந்தத்தைக் கையில் வாங்கிக்கொண்டு தொடங்குங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கோடிங் வரவில்லை என்று பிள்ளையைக் குறை சொல்வதை இன்றோடு நிறுத்துங்கள். வீட்டில் இருக்கும் ஒரு சாதனத்தைக் கையில் கொடுத்து, “இதை எப்படிப் பயன்படுத்துறதுன்னு எனக்கு ஒரு பக்கத்துல எழுதிக் கொடு” என்று கேளுங்கள். அந்தப் பக்கம் உங்களுக்குப் புரிந்தால், பிள்ளையின் முதல் மாதிரி தயார்.