விளையாட்டு நேரத்துக்கும் ஒரு பதிவேடு

பொழுதுபோக்கு சிகிச்சை என்பது கேரம், கோலம், பறை, தோட்டவேலை, நடை போன்றவற்றில் ஒன்றை ஒருவரின் தேவை அறிந்து தேர்ந்து, அதன் வழியே கைத்திறன், கவனம், பேச்சு, பிறரோடு பழகுதல் ஆகியவற்றை வளர்க்கும் அல்லது மீட்கும் முறை. நெய்வேலியில் இதற்கான களம் ஏற்கெனவே இருக்கிறது. 1956-ல் என்.எல்.சி. பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டதையொட்டி எழுந்த டவுன்ஷிப்பில் பாரதி விளையாட்டரங்கம் உண்டு. சிறப்புக் குழந்தைகளுக்கு சினேகா பள்ளியும் முதியோருக்கு ஆனந்த இல்லமும் உண்டு. இத்தகைய இடங்களில் விளையாட்டு நேரம் என்ன பலன் தருகிறது என்பதை உடனிருப்பவர்கள் கண்ணால் காண்கிறார்கள். உடனில்லாதவருக்கு அது தெரிய வேண்டுமானால் எழுத்தில் இருக்க வேண்டும். அந்த எழுத்தைப் பற்றித்தான் தவறான எண்ணங்கள் அதிகம்.

நம்பிக்கை: விளையாட வைப்பதெல்லாம் சிகிச்சை ஆகாது, சட்டத்திலும் அதற்கு இடமில்லை.

இடம் உண்டு. இணை மருத்துவத் தொழில்களுக்காக 2021-ல் இயற்றப்பட்ட தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையில், கலை, நடன சிகிச்சையாளர்களோடு பொழுதுபோக்கு சிகிச்சையாளரும் பெயர் குறிப்பிட்டுச் சேர்க்கப்பட்டிருக்கிறார். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, பண்பாட்டிலும் பொழுதுபோக்கிலும் அவர்கள் பங்கேற்பதை உறுதிசெய்யும் பொறுப்பை அரசின் மீது வைக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவில், மனநலச் சிகிச்சை நிலையத்தில் இருப்பவருக்கு ஓய்வும் பொழுதுபோக்கும் உரிமையாகச் சொல்லப்பட்டுள்ளன. உலக சுகாதார நிறுவனம் 2001-ல் வெளியிட்ட செயல்திறன் வகைப்பாட்டில் பொழுதுபோக்குக்கென்றே தனிக் குறியீடு இருக்கிறது.

நம்பிக்கை: வருகைப் பதிவேடு இருக்கிறதே, அது போதும்.

பல இடங்களில் விளையாட்டு நேரத்துக்கென்று கையில் இருப்பது இந்த ஒரு பதிவேடுதான். யார் வந்தார், எத்தனை மணிக்குத் தொடங்கியது, என்ன விளையாட்டு என்பது மட்டும் அதில் தெரியும். வந்தவருக்கு என்ன நடந்தது என்பது தெரியாது. சுரங்கத்தில் ஒரு ஷிப்ட் முடியும்போது எந்திரம் எவ்வளவு நேரம் ஓடியது, எங்கே நின்றது, ஏன் நின்றது என்று லாக் புக்கில் எழுதி அடுத்த ஷிப்ட்டிடம் ஒப்படைப்பது வழக்கம். எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள் என்பதோடு அந்தக் குறிப்பு நிற்பதில்லை. விளையாட்டுப் பதிவும் அப்படிப்பட்ட கைமாற்றுக் குறிப்பாக இருந்தால்தான் பயன்.

எடுத்துக்காட்டாக, ஒரு சிறுவன் கேரம் ஆடுகிறான் என்று கொள்ளலாம். ‘இன்று கேரம் ஆடினான், மகிழ்ச்சியாக இருந்தான்’ என்ற குறிப்பு எந்த நாளுக்கும் பொருந்தும்; அதனாலேயே எதையும் காட்டாது. ‘தன் முறை வரும்வரை காத்திருத்தல் இலக்கு, ஜூனில் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது, ஆகஸ்டில் பெயர் சொன்னால் போதும், அக்டோபரில் பெரும்பாலும் தானே காத்திருந்தான்’ என்று எழுதினால் கதை தெரிகிறது. இதில் அளக்கப்படுவது ஆட்டத்தில் கிடைத்த வெற்றியன்று. பிறரிடமிருந்து அவனுக்குத் தேவைப்பட்ட உதவி எவ்வளவு குறைந்தது என்பது. உடலைத் தொட்டு உதவி, செய்து காட்டல், சொல்லால் நினைவூட்டல், ஜாடை, உதவியின்றித் தானே என்ற படிகளைச் சிறப்புப் பள்ளி ஆசிரியர்கள் மற்றப் பாடங்களில் நாள்தோறும் குறித்து வருகிறார்கள். விளையாட்டு நேரத்துக்கு அதையே எடுத்துக்கொள்ளலாம். புதிய முறை எதுவும் தேவையில்லை.

நம்பிக்கை: விளையாட்டுக்கு மதிப்பெண் கிடையாது, ஆகவே எழுத ஒன்றுமில்லை.

இந்த எண்ணத்துக்கு ஒரு வேர் இருக்கிறது. அறிவுசார் குறைபாடு உடையோருக்காக 1984-ல் செகந்திராபாத்தில் தொடங்கப்பட்ட தேசிய நிறுவனம் உருவாக்கிய எஃப்.ஏ.சி.பி. மதிப்பீட்டுப் பட்டியலை இந்தியச் சிறப்புப் பள்ளிகள் பரவலாகப் பயன்படுத்துகின்றன. அதில் தன்னைப் பேணுதல், சமூகத் திறன், படிப்பு, தொழில் ஆகிய பகுதிகளுக்குச் சதவீதம் போடப்படுகிறது. பொழுதுபோக்குப் பகுதிக்குச் சதவீதம் இல்லை. மொத்தக் கணக்கில் அது சேராததால், அந்தப் பக்கத்தைக் கடைசியாக, அவசரமாக நிரப்பும் பழக்கம் எளிதில் வந்துவிடுகிறது.

உண்மையில் அந்தப் பகுதி விடுபடவில்லை. அதற்கு வேறு அளவுகோல் தரப்பட்டிருக்கிறது. ஆர்வமே காட்டாத நிலை, ஆர்வத்தோடு வேடிக்கை பார்க்கும் நிலை, விதி தெரியாவிட்டாலும் கலந்துகொள்ளும் நிலை, மற்றவர் தொடங்கினால் சேர்ந்து ஆடும் நிலை, தானே முன்வந்து தொடங்கும் நிலை என்று எழுத்துத் தரங்கள் உண்டு. இது நுட்பமான ஏற்பாடு. விளையாட்டில் எவரையும் தேர்ச்சி, தோல்வி என்று பிரிக்காமல், ஓரத்தில் நின்றவர் நடுவுக்கு வரும் வழியை அது படியாக்கித் தருகிறது. ஓர் ஆண்டு முழுவதும் வேடிக்கை மட்டும் பார்த்த பிள்ளை, அடுத்த ஆண்டு யாரும் அழைக்காமலே பந்தை எடுத்துவந்தால் அது மூன்று படி ஏற்றம். சதவீதமாக எழுதினால் இவ்வளவு தெளிவாகத் தெரியாது.

இன்னும் நுணுக்கமாக வேண்டுமென்றால், கிரெசுக், ஷெர்மன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1968-ல் முன்வைத்த இலக்கு எட்டும் அளவுகோல் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனி இலக்கு. எதிர்பார்த்த அளவுக்கு 0, அதைவிடக் குறைந்தால் -1, -2, மிஞ்சினால் +1, +2. பக்கவாதத்துக்குப் பின் பல்லாங்குழியில் ஒவ்வொரு சோழியாக எடுத்துப் போடப் பழகும் முதியவரையும், கூட்டத்தைக் கண்டு மிரளும் சிறுமியையும் ஒரே தாளில் வைத்துப் பார்க்க இது உதவும்.

நம்பிக்கை: கணினி வந்தால்தான் முறையான பதிவு.

சென்னை மதுரம் நாராயணன் மையத்தின் ‘உபநயன்’ திட்டம் இதற்கு நல்ல விடை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்காக ஐந்து துறைகளில் துறைக்கு 50 வீதம் 250 திறன்கள் அதில் வரிசைப்படுத்தப்பட்டு, பயிற்சி அட்டைகளாகவும் தரப்பட்டன. முதலில் வரிசை தெளிவாக இருந்தால் கணினி அதைத் தொகுத்துத் தரும். இலக்கே எழுதப்படாத இடத்தில் கணினி வந்தாலும் அதே வருகைப் பதிவுதான் திரையில் தெரியும்.

நம்பிக்கை: நிதி தருபவர்கள் எத்தனை பேர் பயனடைந்தார்கள் என்று மட்டுமே கேட்பார்கள்.

2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, வரையறைக்குள் வரும் நிறுவனங்கள் தம் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடச் சொல்கிறது. சிறப்புக் கல்வியும் முதியோர் இல்லங்களும் அந்தப் பட்டியலில் உள்ளன. 2021-ல் திருத்தப்பட்ட விதிகளின்படி, 10 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல் இப்படிச் செலவிடக் கடமைப்பட்ட நிறுவனங்கள், 1 கோடிக்குக் குறையாத திட்டங்களின் தாக்கத்தை வெளி அமைப்பைக் கொண்டு மதிப்பிட வேண்டும். அப்போது தலைக்கணக்கு போதாது. முன்பு எப்படி இருந்தார், பின்பு எப்படி ஆனார் என்ற குறிப்பு வேண்டும்.

அந்தக் குறிப்பு நம்பத் தகுந்ததாகவும் இருக்க வேண்டும். எல்லாரும் முன்னேறியதாகச் சொல்லும் பதிவேட்டை அனுபவமுள்ள மதிப்பீட்டாளர் ஏற்கமாட்டார். பலன் தராத விளையாட்டும், பாதியில் அழுது எழுந்த நாளும் அதில் இருக்க வேண்டும். முன்னேற்றம் விளையாட்டால் வந்ததா, வயதால் வந்ததா, மாற்றிய மருந்தால் வந்ததா என்ற கேள்விக்கு முன்-பின் குறிப்பு மட்டும் விடை சொல்லாது. கோடை விடுமுறை இங்கே உதவிக்கு வருகிறது. ஏப்ரல் கடைசியிலும் பள்ளி திறந்த முதல் வாரத்திலும் அதே திறனைப் பார்த்து எழுதினால், இடைவெளியில் எது தேய்ந்தது, எது நிலைத்தது என்று புலப்படும். விடுமுறையில் குவார்ட்டர்ஸில் பிள்ளை தானாகக் கேரம் பலகையை எடுத்ததா என்று பெற்றோரிடம் கேட்டு எழுதும் ஒரு வரி, பள்ளிக்குள் எழுதிய பத்து வரிக்குச் சமம்.

நம்பிக்கை: எழுதத் தொடங்கினால் விளையாட்டும் தேர்வாகிவிடும்.

பிள்ளையின் முன்னால் தாளும் பேனாவுமாக நின்றால் இந்த அச்சம் உண்மையாகும். ஒரு நேரத்துக்கு ஓர் இலக்கு, ஆட்டம் முடிந்தபின் இரண்டு மூன்று வரி, காலாண்டுக்கு ஒருமுறை முழு மதிப்பீடு என்று வைத்துக்கொண்டால் விளையாட்டு விளையாட்டாகவே இருக்கும். பிறர் பார்க்கக் கூடாத செய்திகள் இருப்பதால் ஏடு பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும். குடும்பம் கேட்டால் காட்டவும் வேண்டும்.

நெய்வேலியில் குடும்பம் அதைக் கேட்கும் நாள் வந்தே தீரும். பணி ஓய்வு பெற்றவர் குவார்ட்டர்ஸைக் காலி செய்து சொந்த ஊருக்கோ வேறு நகரத்துக்கோ போகிறார். பிள்ளையும் பள்ளி மாறுகிறது. புதிய ஊரில் பிள்ளையை யாருக்கும் தெரியாது. கூட்டத்தில் எவ்வளவு நேரம் இருக்கும், எந்த ஓசைக்கு மிரளும், எந்த ஆட்டத்தைக் காட்டினால் அருகில் வரும், எப்போது கையை விட்டுவிடலாம் என்பதைப் புதிய ஆசிரியர் அந்த ஏட்டிலிருந்து முதல் நாளே படித்துக்கொள்வார்.