யார் வழி விட வேண்டும்?

தர்மபுரி பக்கத்து வத்தல்மலைக்கு ஏறும் சாலையில், கொண்டை ஊசி வளைவு ஒன்றில் இரண்டு வண்டிகள் முட்டிக்கொண்டு நிற்கின்றன. யார் ஒதுங்க வேண்டும்? ஹாரனை ஓங்கி அடிக்காதவரா? சின்ன வண்டிக்காரரா? விதி தெளிவாக இருக்கிறது: இரண்டும் தாராளமாகக் கடக்க இடமில்லாத மலைச்சாலையில் இறங்குகிறவர் ஓரங்கட்டி நிற்க வேண்டும், ஏறுகிறவர் போக வேண்டும். பாரத்தோடு ஏறும் வண்டி ஒருமுறை நின்றால் மறுபடி கிளப்புவது பெரும்பாடு. பின்னால் உருண்டாலும் உருளும். ஆக, நிற்பது யாருக்குச் சுலபமோ அவர் நிற்கட்டும்.

தர்மபுரி, பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்திலிருந்து ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போகிறவர்கள் இந்தக் கணக்கைக் கையோடு கொண்டுபோகலாம். விட்டுக்கொடுப்பது நல்ல குணமா, கோழைத்தனமா என்ற பட்டிமன்றம் வேலையிடத்தில் உதவாது. இந்த விஷயத்தில் யார் ஏறுகிறார், யார் இறங்குகிறார் என்று மட்டும் பாருங்கள்.

உதாரணத்துக்கு நைட் ஷிஃப்ட். கைக்குழந்தை வைத்திருக்கும் சக ஊழியர் இந்த வாரம் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கிறார். நீங்கள் ஹாஸ்டலில் தனியாக இருக்கிறீர்கள். இறங்குகிறவர் நீங்கள், ஒதுங்குங்கள். ஆனால் வாயை மூடிக்கொண்டு ஒதுங்காதீர்கள். “சரிங்க்கா, இந்த வாரம் நான் பார்த்துக்கறேன். பொங்கலுக்கு நான் ஊருக்குப் போகணும், அப்ப நீங்க பார்த்துக்கோங்க” என்று அப்போதே சொல்லிவிடுங்கள். சூப்பர்வைசர் காதிலும் போட்டுவையுங்கள். சொல்லாமல் விட்டுக்கொடுத்தது யார் கணக்கிலும் ஏறாது. மூன்றாவது மாதம் அது உங்கள் வழக்கமான ஷிஃப்ட் ஆகியிருக்கும்.

மேலே இருப்பவர்களுக்கும் இதே விதிதான், இன்னும் கறாராக. மீட்டிங்கில் புதிதாகச் சேர்ந்த பெண் முதல்முறையாக வாய் திறக்கும்போது மேனேஜரும் பேச ஆரம்பித்தால், நிறுத்த வேண்டியவர் மேனேஜர். அவர் பேச்சை எப்போது வேண்டுமானாலும் தொடரலாம். அந்தப் பெண் ஒருமுறை நின்றுவிட்டால் அடுத்த வாய்ப்புக்கு மாதக்கணக்கில் ஆகும்.

இனி ஆங்கிலம். ஓசூர் கம்பெனி மெயில்களில் விட்டுக்கொடுப்பதற்கு நாலைந்து சொற்கள் புழங்குகின்றன. ஒன்றுக்குப் பதில் ஒன்று எழுதினால் அர்த்தம் கவிழ்ந்துவிடும். ‘கிவ் வே’ என்பது சாலையில் வழி விடுவது. சிவப்புக் கரை போட்ட தலைகீழ் முக்கோணப் பலகை சொல்வது அதைத்தான். பராமரிப்புப் பிரிவின் அறிக்கையில் அதுவே வந்தால் ஏதோ உடைந்திருக்கிறது: ‘தி ரேக் கேவ் வே’ என்றால் பாரம் தாங்காமல் ரேக் சரிந்துவிட்டது, ஓடிப்போய்ப் பாருங்கள். ‘பேப்பர் ரெஜிஸ்டர் கேவ் வே டு சாஃப்ட்வேர்’ என்றால் யாரும் யாருக்கும் பணியவில்லை, பழையது போய்ப் புதியது வந்தது, அவ்வளவுதான். ‘கிவ் இன்’ வேறு ரகம். நெருக்குதல் தாங்காமல் இறங்கிப்போவது. வாடிக்கையாளரிடம் விலையைக் குறைத்துவிட்டு ‘வி ஹேவ் கிவன் இன்’ என்று எழுதினால் மூக்கைச் சிந்துவதுபோல இருக்கும். ‘வி அக்ரீ டு யுவர் பிரைஸ்’ போதும். ‘கிவ் அப்’ என்றால் வேலையையே கைவிட்டாயிற்று. ‘பேக் டவுன்’ என்பது போட்ட சவாலிலிருந்து பின்வாங்குவது; மேலதிகாரியைப் பற்றி அப்படி எழுதவே எழுதாதீர்கள்.

‘யீல்ட்’ இன்னும் விவகாரமானது. அமெரிக்கச் சாலைப் பலகையில் அதற்கு ‘வழி விடு’ என்று பொருள். எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ‘யீல்ட் குறைஞ்சிருக்கு’ என்று இன்ஜினியர் கத்தினால், செய்த பீஸ்களில் தேறியது குறைவு என்று அர்த்தம். மாம்பழக்கூழ் ஆலையில் பழத்துக்கு எவ்வளவு கூழ் கிடைத்தது என்பதும் யீல்ட்தான். பணிவு பற்றி அங்கே பேச்சே இல்லை.

நேர்முகத் தேர்வில் கேட்பார்கள்: “மேலதிகாரியோடு கருத்து வேறுபட்டு விட்டுக்கொடுத்தது உண்டா?” “எப்போதும் விட்டுக்கொடுத்துவிடுவேன் சார்” என்பது நம் ஊர்ப் பிள்ளைகளின் ஆகிவந்த பதில். அதற்கு மதிப்பெண் கிடையாது. என்ன ஆதாரத்தைப் பார்த்து மனம் மாறினீர்கள் என்று சொல்லுங்கள். மாறாமலே முடிவுக்குக் கட்டுப்பட்டிருந்தால் அதையும் சொல்லலாம்.

அடுத்தவரை இறங்கவைப்பது தனிக்கலை. தகடூர் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன அவ்வையார் மிரட்டவில்லை. உங்கள் ஆயுதங்கள் நெய் பூசிப் பளபளப்பாக இருக்கின்றன, எங்கள் அரசனுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று புகழ்வதுபோலச் சொன்னார். எது போர் பார்த்த ஆயுதம் என்று தொண்டைமானே புரிந்துகொள்ளட்டும். போர் நின்றதா என்று புறநானூற்றுப் பாட்டு சொல்லவில்லை. ஆனால் கௌரவம் குறையாமல் பின்வாங்க ஒரு சந்து வைத்துவிட்டுத்தான் வந்தார். சம்பளப் பேச்சில் ‘வேற கம்பெனியில் ஆஃபர் இருக்கு’ என்று மேசையைத் தட்டுவதைவிட இது பல நேரம் வேலை செய்யும்.

அரசும் வழி விட்டதுண்டு. நாளொன்றுக்கு 12 மணி நேர வேலைக்கு இடம்கொடுத்த தொழிற்சாலைகள் திருத்த மசோதா 2023 ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. சில நாளில் நிறுத்திவைத்து, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். மலைச்சாலை விதிப்படி சரியான ஆள்தான் ஒதுங்கியிருக்கிறார்: மசோதாவைத் திரும்பப் பெறுவது அரசுக்கு ஒரு அறிவிப்பு, 12 மணி நேரம் நின்று வேலை பார்ப்பவருக்கு அது உடம்பு.

சில இடங்களில் நீங்கள்தான் ஏறுகிறவர், ஒதுங்கக் கூடாது. அசல் சான்றிதழ்களை ஆபீசில் கொடுத்து வைக்கச் சொன்னால் நகல் கொடுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். தொழிற்சாலைத் தொழிலாளிக்கு ஓவர்டைமுக்கு இரட்டிப்புச் சம்பளம் சட்டம் கொடுத்தது. இயந்திரத்தின் பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றிவிட்டு வேகமாக ஓட்டச் சொன்னால் முடியாது என்று சொல்லுங்கள். போன விரல் திரும்பாது.

இத்தனை ஆண்டுக்குள் விலகினால் பணம் கட்டுவேன் என்று எழுதித் தரும் பாண்டு விஷயத்தில் மட்டும் பலர் ஏமாறுகிறார்கள். ‘அது கோர்ட்டில் நிற்காது, கையெழுத்துப் போடு’ என்று சீனியர்கள் சொல்வார்கள். மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது. எல்லா பாண்டுக்கும் இது அப்படியே பொருந்தாது. அது பொதுத்துறை வங்கியின் வழக்கு. ஆனாலும் தொகையையும் ஆண்டுகளையும் குறைக்கச் சொல்லிப் பேச வேண்டிய நேரம் கையெழுத்துக்கு முன்னால்தான். ஆஃபர் லெட்டரை ஒரு நாள் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டுத் தருகிறேன் என்று கேளுங்கள்.