துருப்பிடித்த நட்டு, போல்ட்டுகளைக் கழற்றும் முறை

கோடை மழை பெய்து மண்ணில் ஈரம் நிற்கும் நாட்கள் சிலவே. அதற்குள் உழவை முடித்தாக வேண்டும். அந்த அவசரத்தில் 9 கொத்துக் கலப்பையின் கொழு தேய்ந்திருப்பதைக் கண்டு, அதைத் திருப்பிப் போட உட்காரும்போதுதான் நட்டு அசைய மறுக்கும். கொழு ஒன்றுக்கு இரண்டு போல்ட் வீதம் மொத்தம் 18 போல்ட்டுகள். போன வருஷம் மாட்டியவை. சேற்றையும் உரத்தையும் தின்று துருவேறியவை. ஸ்பேனரில் பைப்பைச் செருகி ஓங்கி இழுத்தால் ஒன்று நட்டின் முனைகள் மழுங்கும், அல்லது போல்ட் முறியும். டிரெய்லர் சக்கரம், கேஜ் வீல், சிறிய சரக்கு லாரியின் பட்டை ஆகியவற்றிலும் இதே கதைதான்.

இரும்பு துருவாக மாறும்போது முன்பிருந்ததைப் போலப் பல மடங்கு இடத்தை அடைக்கிறது. நட்டின் மரைக்கும் போல்ட்டின் மரைக்கும் இடையே உள்ள மயிரிழை இடைவெளியில் இந்தத் துரு வீங்கி, ஆப்பு அடித்தது போல இறுகிக் கொள்கிறது. உப்பு நீர் பாயும் கடலோரப் பகுதிகளிலும், உரம் ஏற்றும் டிரெய்லர்களிலும் இது இன்னும் விரைவாக நடக்கும். ஆகவே நாம் செய்ய வேண்டிய வேலை நட்டைத் திருகுவது அல்ல. முதலில் அந்தத் துருவை உடைப்பதுதான்.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பே ஒரு முடிவு செய்துகொள்ள வேண்டும். எதைக் காப்பாற்ற வேண்டும், எதை இழக்கலாம்? கொழு போல்ட் விலை குறைந்த பொருள்; எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கும். அதனோடு ஒரு மணி நேரம் போராடுவது வீண். ஆனால் டிராக்டரின் வார்ப்பு உடலிலோ, சக்கர ஹப்பிலோ, பம்பின் உடலிலோ பதிந்திருக்கும் ஸ்டட் அப்படியல்ல. அது உள்ளே முறிந்தால் ஒரு நாளோ இரண்டு நாளோ வண்டி பட்டறையில் நிற்கும். முன்னதில் அறுத்துத் தள்ளலாம். பின்னதில் பொறுமை தேவை.

கழற்ற நினைப்பதற்கு முதல் நாள் மாலையே வேலையைத் தொடங்குவது நல்லது. நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையைக் கம்பி பிரஷ்ஷால் பளிச்சென்று தெரியும் வரை தேய்க்க வேண்டும். இதைப் பலரும் செய்வதில்லை. பிறகு நட்டு இளகி இரண்டு சுற்று வந்ததும், வெளி மரையில் உள்ள துருவிலேயே மறுபடி சிக்கிக் கொள்ளும். தேய்த்தபின் துரு நீக்கும் எண்ணெயை விட வேண்டும். அது இல்லாவிட்டால் டீசலுடன் சிறிது என்ஜின் ஆயிலைக் கலந்து விடலாம். எண்ணெய் மேலிருந்து கீழே மரைக்குள் இறங்கும்படி கருவியைச் சாய்த்து வைப்பது பயன் தரும். ஒரே தடவையில் ஊற்றி விடுவதைவிட, ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை சில சொட்டுகள் வீதம் நான்கைந்து முறை விடுவதே மேல். எண்ணெய் புகும் வழி மிகக் குறுகலானது. அதற்கு அவகாசம் வேண்டும்.

மறுநாள் காலையில் சுத்தியல் வேலை. நட்டின் ஒரு பக்கத்தில் கனமான சுத்தியலையோ இரும்புக் கட்டியையோ தாங்கலாக வைத்து, எதிர்ப் பக்கத்தில் நடுத்தரச் சுத்தியலால் சுருக்கமாக, விரைவாகத் தட்ட வேண்டும். ஆறு முகங்களிலும் மாறி மாறித் தட்டினால் துரு நொறுங்கும். எண்ணெய் உள்ளே செல்லும். போல்ட்டின் நுனியில் நேராக அடிக்கக் கூடாது. நுனி பூப்போல விரிந்து மரை கெட்டுவிடும்.

அடுத்தது ஸ்பேனர். ஒரு சுற்று முழுதும் பிடிக்கும் ரிங் ஸ்பேனர் அல்லது ஆறு முக பாக்ஸ் ஸ்பேனரே இதற்கு ஏற்றது. தாடை நகரும் ஸ்பேனரைத் துருப்பிடித்த நட்டில் போடுவது, அதன் முனைகளை நாமே சீவி விடுவதற்குச் சமம். பழைய டிராக்டர்களில் அங்குல அளவு நட்டுகள் உண்டு. முக்கால் அங்குல நட்டுக்கு 19 மி.மீ. ஸ்பேனர் ஏறக்குறையப் பொருந்தும். ஆனால் 11/16 அங்குலத்துக்கு 17 ஏறாது, 18 ஆடும். அதற்கு உரிய ஸ்பேனரை வாங்கி வைத்துக் கொள்வதே வழி.

ஸ்பேனரைப் போட்டதும் முதலில் கழற்றும் பக்கம் இழுக்காமல், இறுக்கும் பக்கம் சிறிதளவு அசைத்துப் பார்க்க வேண்டும். கிரீச்சென்ற சத்தத்துடன் அது ஒரு நூல் நகர்ந்தாலும் துரு விட்டுவிட்டது என்று பொருள். பின் கழற்றும் பக்கம் கால் சுற்று, திரும்ப அரைக்கால் சுற்று, மறுபடி எண்ணெய் என்று முன்னும் பின்னுமாகக் கொண்டு வர வேண்டும். வழியில் இறுக்கம் கூடினால் பலத்தைக் கூட்டாமல் திரும்பிச் செல்ல வேண்டும். சாணைக்கல் இயந்திரத்தின் இடது கல்லிலும், சில பழைய லாரிகளின் இடது பக்கச் சக்கரங்களிலும் மரை எதிர்த் திசையில் இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. கழற்றுவதாக நினைத்து இறுக்கியே முறித்தவர்கள் உண்டு.

பைப் போடலாமா என்று கேட்பார்கள். 17 மி.மீ. ஸ்பேனர் போடும் 10 மி.மீ. போல்ட்டை எடுத்துக் கொள்வோம். அதை இறுக்கச் சுமார் 5 கிலோ-மீட்டர் திருகு விசை போதும். 25 செ.மீ. ஸ்பேனரின் நுனியில் 20 கிலோ பலத்துடன் இழுத்தால் அந்த அளவு கிடைக்கும். அதே கை 75 செ.மீ. பைப்பில் இழுத்தால் 15 ஆகிவிடுகிறது, போல்ட் தாங்காது. பைப் என்பது சக்கர நட்டு போன்ற தடித்தவற்றுக்கு மட்டுமே. அதன்மேல் ஏறி நின்று குதிப்பதைச் சாலையோரம் அடிக்கடி பார்க்கிறோம். ஸ்பேனர் நழுவினால் உடைவது நட்டு மட்டுமல்ல, முழங்காலும்தான். சக்கர நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே அரைச் சுற்று இளக்கிவிட்டு, அதன் பிறகு ஜாக்கி ஏற்ற வேண்டும். ஜாக்கியில் நிற்கும் வண்டியைப் பலமாக இழுத்தால் அது சரிந்துவிடும்.

இவ்வளவுக்கும் அசையாவிட்டால் சூடு காட்டலாம். 20 மி.மீ. அகல நட்டை 300 டிகிரி செல்சியஸ் சூடேற்றினால் அது சுமார் 0.07 மி.மீ. விரியும். கேட்கச் சிறிதுதான், துருவின் பிடியை உடைக்க அது போதும். சூடு நட்டில் விழ வேண்டும், போல்ட்டில் அல்ல. நட்டு சற்று ஆறியதும் மெழுகுவர்த்தியை மரையின் ஓரத்தில் தொட்டால், உருகிய மெழுகு தானாக உள்ளே உறிஞ்சப்படும். அதன் பின் பெரும்பாலும் நட்டு திரும்பிவிடும். முதல் நாள் விட்ட எண்ணெயைத் துடைத்துவிட்டே தீயைக் கொண்டு வர வேண்டும். வைக்கோல், டீசல் டப்பா, பாட்டரி எதுவும் அருகில் இருக்கலாகாது.

டயர் மாட்டியிருக்கும் சக்கரத்தில் மட்டும் எக்காரணம் கொண்டும் சூடு காட்டவோ வெல்டிங் வைக்கவோ கூடாது. ரிம் சூடேறும்போது உள்ளே ரப்பர் கருகி எரிவாயு உண்டாகிறது. அது காற்றோடு கலந்து பற்றினால் டயர் வெடிகுண்டு போல வெடிக்கும். தீயை அணைத்துச் சிறிது நேரம் கழித்துக்கூட இது நேரலாம். வால்வைப் பிடுங்கிக் காற்றை இறக்கிவிட்டால் போதும் என்று சிலர் நம்புகிறார்கள்; அது போதாது. டயரை ரிம்மிலிருந்து முற்றிலும் கழற்றிய பிறகே தீ. வராத சக்கர நட்டை எண்ணெய், பொறுமை, இல்லையேல் பட்டறையின் நட்டு பிளக்கும் கருவி ஆகியவற்றைக் கொண்டே எடுக்க வேண்டும்.

கொழு போல்ட்டுக்குத் திரும்புவோம். மண்ணில் உரசி அதன் தலை தேய்ந்திருந்தால், நட்டோடு சேர்ந்து போல்ட்டும் சுற்றும். அப்போது எந்த ஸ்பேனரும் பயனில்லை. நட்டின் ஒரு முகத்தை ஆக்சா பிளேடால் மரைவரை அறுத்து, அந்த வெட்டில் உளியை வைத்து ஓங்கி அடித்தால் நட்டு பிளந்து விழும். அடிக்கும்போது கண்ணாடி அணிவது அவசியம்.

ஸ்டட் முறிந்து சிறிது வெளியே தெரிந்தால் அதன்மேல் வேறு நட்டை வைத்து, நடுவில் வெல்டிங் செய்து திருகி எடுக்கலாம். வெல்டிங் சூடே துருவை இளக்கிவிடும். மட்டத்தோடு முறிந்திருந்தால் வீட்டில் துளை போட முயல வேண்டாம். துளைக்குள் திருகும் எக்ஸ்ட்ராக்டர் உள்ளே ஒடிந்தால் அதைச் சாதாரண பிட் துளைக்காது.

திரும்ப மாட்டும்போது கொழு, கேஜ் வீல் போல்ட்டுகளின் மரையில் கிரீஸ் தடவி மாட்டினால் அடுத்த பருவத்தில் கையோடு வரும். சக்கர நட்டுகளுக்கு இது பொருந்தாது. மரையில் எண்ணெய் இருந்தால் அதே பலத்துக்கு ஸ்டட் அளவுக்கு மேல் இழுபடும். எனவே வண்டியின் கையேட்டில் சொல்லியபடியே செய்ய வேண்டும். மாட்டிய பின் முதல் லோடு அடித்து வந்ததும் அந்த நட்டுகளை மறுபடி ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும்.